தினமும் ஐந்து மணி நேரம் கேம் ஆடும் மகனுக்கு மனநோய் வந்துவிடுமா?

கேள்வி கேட்டவர் பெங்களூரு ஜாலஹள்ளியில் வசிக்கும் ஓர் அம்மா. மகன் பி.யூ.சி. முதல் வருடம், அதாவது பதினொன்றாம் வகுப்பு. பத்தாவது வரை நன்றாகப் படித்தவன், இப்போது காலேஜ் விட்டு வந்து போனைக் கையில் எடுத்தால் நள்ளிரவு வரை கேம்தான் என்கிறார். "தினமும் ஐந்து மணி நேரம் ஆடினால் மூளை கெட்டுப்போகும், மனநோய் வரும் என்று எங்கள் குடும்ப வாட்ஸாப் குழுவில் ஒரு செய்தி சுற்றுகிறது. ஆராய்ச்சி உண்மையில் என்னதான் சொல்கிறது? போனைப் பிடுங்கி வைப்பதா, நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனைக்கு அழைத்துப் போவதா?"

அம்மா, முதலில் அந்த வாட்ஸாப் செய்தியை ஒதுக்கி வையுங்கள். ஐந்து மணி நேரம் ஆடுகிறான் என்ற ஒரே தகவலை வைத்துக்கொண்டு அவனுக்கு மனநோய் வரும் என்றோ வராது என்றோ எந்த உளவியல் ஆராய்ச்சியாளராலும் சொல்ல முடியாது. உங்கள் கேள்வியில் எனக்குக் கவலை தந்தவை வேறு இரண்டு: "பத்தாவது வரை நன்றாகப் படித்தவன்" என்பது ஒன்று, "நள்ளிரவு வரை" என்பது இன்னொன்று. இந்த ஊரில் பதினைந்து வருடமாக இந்த வயதுப் பிள்ளைகளுக்கு ஆலோசனை சொல்லி வருகிறேன். கேமைப் பற்றி வருகிற பெற்றோரில் முக்கால்வாசிப் பேர் மணிக்கணக்கில் தொடங்குகிறார்கள். அதனால் நானும் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

இந்தத் துறையில் வெகுகாலம் ஒரு குறை இருந்தது. "வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஆடுகிறாய்?" என்று ஆடுபவரிடமே கேட்பார்கள். அதே தாளில் "மனசு எப்படி இருக்கிறது?" என்பதற்கும் பதில் வாங்குவார்கள். இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போடுவார்கள். ஆனால் திரைக்கு முன் எவ்வளவு நேரம் இருந்தோம் என்பதைச் சரியாகச் சொல்பவர் மிகக் குறைவு. நேற்று நீங்கள் எவ்வளவு நேரம் போன் பார்த்தீர்கள் என்று மனதுக்குள் ஒரு கணக்குப் போடுங்கள். அப்புறம் செட்டிங்ஸில் டிஜிட்டல் வெல்பீயிங் பக்கத்தைத் திறந்து பாருங்கள், நான் சொல்வது புரியும். மனம் சோர்ந்திருப்பவர் தன்னைத்தானே நொந்துகொண்டு, ஆடிய நேரத்தைக் கூட்டிச் சொல்லவும் வாய்ப்பு உண்டு. அப்படி வந்த கணக்கில் கேமும் சோகமும் ஒட்டிப் பிறந்த மாதிரிதான் தெரியும்.

ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ பிரிசிபில்ஸ்கியின் குழு இதை மாற்றிப் பார்த்தது. ஆடியவர் சொன்ன நேரத்தை விட்டுவிட்டு, கேம் நிறுவனங்களின் சர்வரில் பதிவாகியிருந்த நேரத்தையே வாங்கினார்கள். 2021-ல் வந்த முதல் ஆய்வில் 3,274 பேர். அதிக நேரம் ஆடியவர்கள் மற்றவர்களைவிடக் கொஞ்சம் நிறைவாகவே இருப்பதாகச் சொன்னார்கள். ஆனால் கேம் ஆடியதால் நிறைவு வந்ததா, நிறைவாக இருந்ததால் ஆடினார்களா என்பதை அந்த ஆய்வால் சொல்ல முடியவில்லை. அதனால் அடுத்த வருடமே ஏழு கேம்களை எடுத்து 38,935 பேரை ஆறு வாரம் தொடர்ந்து கவனித்தார்கள். ஒருவர் ஆடும் நேரம் கூடினாலோ குறைந்தாலோ அவருடைய மனநிறைவு மாறுகிறதா? அநேகமாக இல்லை என்பதுதான் விடை. சராசரியாக ஆடும் ஒருவர் தன் மனநிலையில் ஒரு மாற்றத்தை உணர வேண்டுமானால் வழக்கத்தைவிட ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் கூடுதலாக ஆட வேண்டியிருக்கும் என்று கணக்கிட்டார்கள்.

உடனே நிம்மதிப் பெருமூச்சு விட்டுவிடாதீர்கள். அந்த ஆய்வில் இருந்தவர்கள் பெரியவர்கள், தாங்களாக விரும்பிப் பதில் தந்தவர்கள். உங்கள் மகனுக்குப் பதினாறு வயது. நாளைக்குக் கெமிஸ்ட்ரி டெஸ்ட் இருப்பவன்.

ஜப்பானில் இருந்து 2024-ல் வந்த ஆய்வு எனக்கு இதைவிடப் பிடித்தமானது. கொரோனா காலத்தில் அங்கே ஸ்விட்ச், பிளேஸ்டேஷன் 5 இரண்டுக்கும் பெரிய தட்டுப்பாடு. கடைகள் குலுக்கல் நடத்தி, சீட்டு விழுந்தவர்களுக்குத்தான் விற்றன. ஆராய்ச்சியாளர்கள் இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். யாருக்கு விழும் என்பதில் அவரவர் குணத்துக்கும் மனநிலைக்கும் ஒரு பங்கும் இல்லை அல்லவா? சீட்டு விழுந்தவரையும் விழாதவரையும் ஒப்பிட்டால் கேமின் விளைவு தனியாகத் தெரிந்துவிடும். 2020 முதல் 2022 வரை 97,602 பேரிடம் கேட்டார்கள். கேம் கருவி கிடைத்தவர்களின் மனநலம் சற்று மேம்பட்டிருந்தது. ஒரு நாளைக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் போனபோது அந்தப் பலன் தேய்ந்தது. வீட்டுக்குள் அடைபட்டிருந்த காலம் அது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

மறுபக்கம் சிங்கப்பூர். அங்கே 3,034 பள்ளிப் பிள்ளைகளை இரண்டு வருடம் தொடர்ந்து பார்த்து 2011-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். நூற்றுக்கு ஒன்பது பேர் அளவில் கேம் பிரச்சினையாகியிருந்தது. அவர்களில் பெரும்பாலோருக்கு இரண்டு வருடம் கழித்தும் தீரவில்லை. யார் மாட்டிக்கொண்டார்கள் என்று பார்த்தால், அவசர புத்தி அதிகம் உள்ளவர்கள், மற்றவர்களோடு பழகுவதில் சிரமப்பட்டவர்கள், நிறைய நேரம் ஆடியவர்கள். மாட்டிக்கொண்ட பிறகு சோர்வும் பதற்றமும் கூடின, மதிப்பெண் சரிந்தது. ஆக நேரத்துக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அது தனியாக வேலை செய்வதில்லை. அந்தப் பிள்ளை ஏற்கெனவே எப்படி இருந்தான் என்பதோடு சேர்ந்துதான் வேலை செய்கிறது.

அந்த ஒன்பது என்ற எண்ணையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். கோடு எங்கே கிழிக்கிறோம் என்பதைப் பொறுத்து அது ஏறும், இறங்கும். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-ல் ஒன்பது அறிகுறிகளைப் பட்டியலிட்டு, ஒரு வருட காலத்தில் குறைந்தது ஐந்து இருந்தால் யோசிக்க வேண்டும் என்றது. அதிலும் "இன்னும் ஆராய வேண்டியது" என்ற பகுதியில்தான் வைத்தது. அந்த அளவுகோலைக் கொண்டு பெரியவர்களை அளந்த 2017 ஆய்வில் மொத்த மக்களில் நூற்றுக்கு ஒருவருக்கு மேல் தேறவில்லை, 0.3 முதல் 1 சதவீதம் வரைதான்.

உலக சுகாதார நிறுவனம் கேமிங் கோளாறை 2019-ல் நோய்ப் பட்டியலில் சேர்த்தது. 2022 ஜனவரி முதல் அது நடைமுறையில் இருக்கிறது. சேர்ப்பதற்கு முன்பே இருபதுக்கும் மேற்பட்ட ஆராய்ச்சியாளர்கள் ஒன்றாகச் சேர்ந்து, ஆதாரம் போதாது, ஆசையாக ஆடும் பிள்ளைகளுக்கெல்லாம் நோயாளி முத்திரை விழும் என்று எழுதினார்கள். அவர்களுடைய அச்சம் நியாயமானது என்றே நினைக்கிறேன். இருந்தாலும் அந்த வரையறை எனக்கு உதவியாகவே இருந்திருக்கிறது, ஏனென்றால் அதில் மணிக்கணக்கே கிடையாது. எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்ற கட்டுப்பாடு கைவிட்டுப் போயிருக்க வேண்டும். சாப்பாடு, நண்பர்கள், படிப்பு எல்லாவற்றையும் கேம் பின்னுக்குத் தள்ளியிருக்க வேண்டும். கெடுதல் கண்முன்னே நடந்தும் ஆட்டம் தொடர வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்து வாழ்க்கை நிஜமாகவே பாதிக்கப்பட்டு, பொதுவாக ஒரு வருடமாவது நீடித்திருக்க வேண்டும். பரீட்சை முடிந்த லீவில் இரண்டு மாதம் போனும் கையுமாகக் கிடந்தவனுக்கு இது பொருந்தாது.

டோபமின் என்ற மூளை ரசாயனத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அந்த வாட்ஸாப் செய்தியில் நிச்சயம் இருந்திருக்கும். கேம் ஆடும்போது மூளையில் டோபமின் சுரக்கிறது என்று 1998-லேயே லண்டனில் எட்டுப் பேரின் மூளையை ஸ்கேன் செய்து காட்டினார்கள். உண்மைதான். பிடித்த சாப்பாடு, பிடித்தவர்களோடு பேச்சு, எல்லாவற்றுக்கும் டோபமினோடு தொடர்பு உண்டு. அது சுரப்பதாலேயே ஒன்று போதைப்பொருள் ஆகிவிடாது.

சரி, மணிக்கணக்கு இல்லையென்றால் எதைப் பார்ப்பது? மேலே சொன்ன ஆக்ஸ்போர்டு ஆய்வில் நேரத்துக்குக் கிடைக்காத பதில் வேறொரு கேள்விக்குக் கிடைத்தது. "ஆட வேண்டும் என்று ஆசையாக இருப்பதால் ஆடுகிறேன்" என்றவர்களின் மனநிலை நன்றாக இருந்தது. "ஆடியே ஆக வேண்டும் போல இருக்கிறது" என்றவர்களின் மனநிலை அப்படி இல்லை. ஆசையும் நெருக்குதலும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்று போலவே இருக்கும். இரண்டு பிள்ளைகளும் அதே கட்டிலில், அதே ஹெட்போனோடு, அதே ஐந்து மணி நேரம் உட்கார்ந்திருப்பார்கள்.

எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் என்ற இரண்டு உளவியலாளர்கள் மனிதருக்கு மூன்று விஷயங்கள் பசி மாதிரி என்றார்கள்: தன் இஷ்டப்படி ஒன்றைச் செய்வது, ஒன்றில் கைதேர்ந்தவனாக உணர்வது, நாலு பேரோடு ஒட்டியிருப்பது. ரயனும் வேறு சிலரும் 2006-ல் கேமை இந்தக் கண்ணோடு பார்த்தார்கள். மூன்று பசியையும் நல்ல கேம் தீர்த்துவைக்கிறது, அதனால்தான் மக்கள் திரும்பத் திரும்ப அதனிடம் போகிறார்கள் என்பது அவர்கள் கண்டது. பி.யூ.சி. முதல் வருடத்தை இப்போது நினைத்துப் பாருங்கள். காலை ஏழு மணிக்கு டியூஷன், அப்புறம் காலேஜ், அப்புறம் நீட் கோச்சிங்கோ சி.இ.டி. கோச்சிங்கோ. பத்து வருடம் கூடப் படித்த நண்பர்கள் ஆளுக்கொரு காலேஜுக்குப் போய்விட்டார்கள். எண்பது பேர் இருக்கிற வகுப்பில் இவன் பெயர்கூட லெக்சரருக்குத் தெரியாது. அந்த மூன்றில் ஒன்றுகூட அவனுக்குப் பகலில் கிடைக்கவில்லை என்றால், சாயங்காலம் அது கிடைக்கிற இடத்துக்குத்தான் போவான்.

அல்சூரில் என் அக்கா வீட்டில் பார்த்ததைச் சொல்கிறேன். அக்கா மகனுக்கும் இதே வயதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் ஹாலில் காலை மடக்கி உட்கார்ந்து நாலு பேர் ஸ்குவாடாக ஆடும் கேமில் இருந்தான். நூறு பேர் இறங்கிக் கடைசி வரை யார் நிற்கிறார்கள் என்று பார்க்கிற வகை, ஒரு மேட்ச் முடிய அரை மணி நேரம்கூட ஆகலாம். அடுப்படியிலிருந்து அக்கா, "சாப்பிட வாடா" என்றாள். "ரெண்டே நிமிஷம்மா." ஐந்து நிமிடம் கழித்து இன்னொரு தடவை. அதே பதில். மூன்றாவது தடவை அக்கா பேசவில்லை, கரண்டியோடு வந்து ரௌட்டர் ஒயரைப் பிடுங்கிவிட்டாள். பையன் போனைச் சோபாவில் எறிந்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். அக்கா என்னைப் பார்த்து, "பாத்தியா, இதுதான் அடிக்‌ஷன்" என்றாள்.

அந்தக் கடைசி நிமிடங்களில் நான் அவன் பக்கத்தில் இருந்தேன். ஸ்குவாடில் ஒருவன் அடிபட்டு மண்டியிட்டுக் கிடந்தான். யாராவது போய் ரிவைவ் கொடுத்தால்தான் எழுவான், இல்லையென்றால் அவ்வளவுதான். "மச்சா, கவர் குடு, நான் வர்றேன்" என்று இவன் சொல்லிக்கொண்டிருந்தான். இன்னொருவன் கன்னடத்தில் "பேக பா குரு" என்று அவசரப்படுத்தினான். ரிவைவ் பட்டை நிறைய இன்னும் ஒரு கோடுதான் பாக்கி, நெட் போய்விட்டது. விழுந்து கிடந்தவன் யார் தெரியுமா? ஒன்றாம் வகுப்பிலிருந்து இவனோடு படித்தவன். அப்பாவுக்கு மாற்றலாகி இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறான். அவர்கள் இருவரும் போனில் "எப்படி இருக்கே" என்று பேசிக்கொள்கிற ரகம் இல்லை. மேட்ச்சுக்கு நடுவே, லாபியில் காத்திருக்கும்போது, புது ஸ்கூலைப் பற்றியும் அங்கே கேலி செய்கிற பையன்களைப் பற்றியும் அவன் சொல்வான், இவன் கேட்பான். சாயங்காலம் அவன் என்னிடம் இதைச் சொன்னபோது கண் கலங்கியிருந்தது. "நான் வேணும்னே விட்டுட்டுப் போனேன்னு நெனச்சிருப்பான் சித்தி."

அக்கா செய்தது தப்பு என்று நான் சொல்லவரவில்லை. மூன்று தடவை கூப்பிட்ட அம்மாவுக்குக் கோபம் வரத்தான் செய்யும். ஆனால் அந்தக் கோபத்தில் அவள் பார்த்தது ஒன்று, அங்கே நடந்தது வேறொன்று. மறுவாரம் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தார்கள். சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் அக்கா சொல்லிவிடுவாள், அதற்குப் பிறகு அவன் புது மேட்ச் தொடங்கக் கூடாது. ஓடிக்கொண்டிருப்பதை முடித்துவிட்டு வரலாம். பெரும்பாலும் அது நடக்கிறது. நடக்காத நாட்களில் சத்தம் போட்டுக்கொள்கிறார்கள்.

இதையே நீங்களும் செய்து பார்க்கலாம். நாற்பது நிமிடம் அவன் பக்கத்தில் உட்காருங்கள். யாரோடு ஆடுகிறான், தோற்றால் என்ன செய்கிறான், சிரிக்கிறானா, முடித்தபின் முகம் எப்படி இருக்கிறது என்று மட்டும் பாருங்கள், அறிவுரை வேண்டாம். சலிப்பும் எரிச்சலுமாக, ஜெயித்தும் சந்தோஷமில்லாமல் அடுத்த மேட்ச்சை அழுத்திக்கொண்டே போகிறான் என்றால் அதுதான் நான் சொன்ன நெருக்குதல். அங்கே கவலைப்படுங்கள். பெரும்பாலும் அவன் வேறு எதிலிருந்தோ ஒளிந்துகொள்ள அங்கே வந்திருக்கிறான். என்னிடம் வந்த பிள்ளைகளில் கேமுக்கு அடியில் சோர்வோ, நாலு பேர் முன்னால் பேசுவதற்குப் பயமோ, கவனக் குறைவுக் கோளாறோ, காலேஜில் யாரோ தொடர்ந்து அவமானப்படுத்துவதோ இருந்திருக்கிறது. சில பேருக்கு வீட்டுச் சண்டை.

பணத்தைத் தனியாகக் கவனியுங்கள். உங்கள் யூ.பி.ஐ. கணக்கிலிருந்து சின்னச் சின்னத் தொகையாகக் கேமுக்குள் போகிறதா? உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பெட்டியைக் காசு கொடுத்துத் திறக்கிற லூட் பாக்ஸ் வகை, சூதாட்டத்தின் இயக்கத்தையே கொண்டது. எத்தனையாவது தடவை கிடைக்கும் என்று தெரியாத பரிசுக்குத்தான் உயிர்கள் விடாமல் முயலும் என்பதை உளவியலாளர் ஸ்கின்னர் புறாக்களிடமே காட்டியிருக்கிறார். லூட் பாக்ஸில் நிறையச் செலவழிப்பவர்களிடம் சூதாட்டப் பிரச்சினையும் அதிகம் என்று 2018-ல் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்த ஆய்வு சொன்னது. ஆன்லைனில் பணம் வைத்து ஆடும் ரம்மி மாதிரியான ஆட்டம் என்றால் அது வேறு கதை. அதை 2025-ல் நாடாளுமன்றம் சட்டம் போட்டே தடை செய்துவிட்டது. அப்படி ஏதாவது தெரிந்தால் காத்திருக்க வேண்டாம்.

போனைப் பிடுங்கி வைக்கலாமா என்று கேட்டீர்கள். நாடுகளே செய்து பார்த்துவிட்டன. தென் கொரியா 2011-ல் பதினாறு வயதுக்குக் கீழே உள்ளவர்கள் நள்ளிரவு முதல் காலை ஆறு வரை ஆன்லைன் கேம் ஆடக் கூடாது என்று சட்டம் போட்டு, பத்து வருடம் கழித்து அதைக் கைவிட்டது. சீனா 2019-ல் சிறுவர்களுக்கு நேரக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. நூற்றுக்கணக்கான கோடி மணி நேரப் பதிவுகளை அலசிய ஓர் ஆய்வு, அதிகம் ஆடுபவர்கள் அதனால் குறைந்ததற்கு நம்பும்படியான தடயம் இல்லை என்றது. ஒரு வீட்டில் இது இன்னும் கடினம். பிடுங்கிய போன் போனால் நண்பன் போன் வரும். அதைவிட, அடுத்த தடவை மனசு சரியில்லாதபோது அவன் உங்களிடம் வரமாட்டான்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை, அது தூக்கம். பதின்ம வயதில் எட்டு முதல் பத்து மணி நேரம் தூங்க வேண்டும். காலை ஏழு மணி டியூஷனுக்கு ஐந்தரைக்கு எழுகிற பையன் பன்னிரண்டு மணி வரை ஆடினால் ஐந்தரை மணி நேரம்தான் தூங்குகிறான். எரிச்சல், மறதி, படிப்பில் மந்தம், எதிலும் ஆர்வமின்மை எல்லாவற்றுக்கும் அதுவே போதும். கேமால் வந்தது என்று நாம் நினைப்பதில் பாதி, தூக்கமில்லாமல் வந்ததாக இருக்கும். இரவு பத்தரைக்கு எல்லார் போனும் ஹாலில் சார்ஜில் இருக்க வேண்டும் என்று வையுங்கள். எல்லார் போனும், உங்களுடையதும் அவன் அப்பாவுடையதும் சேர்த்து. அவனுக்கு மட்டும் என்றால் ஒரு வாரம்கூடத் தாங்காது.

இரண்டு மூன்று வாரம் இப்படிப் போகட்டும். தூக்கம் சரியாகி ஆளும் தேறினால் நல்லது. காலேஜுக்கே போகமாட்டேன் என்கிறான், குளிப்பதில்லை, நேரில் யாரோடும் பேச்சில்லை, தடுத்தால் கை ஓங்குகிறான் என்று இருந்தால் தாமதிக்காதீர்கள். நிம்ஹான்ஸில் 2014 முதல் ஷட் கிளினிக் என்று இதற்காகவே ஒரு பிரிவு நடக்கிறது, இந்தியாவில் இந்த வகையில் முதலாவது. நேரில் போவதற்கு முன் பேசிப் பார்க்க வேண்டுமானால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, இலவசம், தமிழிலும் பேசலாம். சாக வேண்டும் போல இருக்கிறது என்று அவன் எப்போதாவது சொன்னால், விளையாட்டுக்குச் சொன்னது போலத் தோன்றினாலும், அன்றைக்கே கூப்பிடுங்கள்.

போகும் நாள் காலையில் திடீரென்று வண்டியில் ஏற்றாதீர்கள். இரண்டு நாள் முன்பே, "நீ தூங்காமல் இருப்பதைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது, யாரிடமாவது கேட்போமா?" என்று சொல்லுங்கள். ஒரு தாளில் மாதவாரியாக எழுதிக்கொண்டு போங்கள்: காலேஜ் சேர்ந்தது எப்போது, பழைய நண்பர்கள் வீட்டுக்கு வருவது நின்றது எப்போது, மதிப்பெண் குறைந்தது எப்போது, கேம் கூடியது எப்போது. எது முதலில் வந்தது என்பதை அவனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே எழுதுங்கள். சில தேதிகள் அவனுக்கு மட்டும்தான் தெரிந்திருக்கும்.